பெலும் காட்டு ஏரிக் குடிலுக்கு அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

ஜூலை 14, 2025 – கேள்வி

பினாங்கு ஜெலுத்தோங்கிலிருந்து எழுதுகிறேன். மெர்டேக்கா (மலேசியச் சுதந்திர தின) விடுமுறை திங்கட்கிழமையையும் சேர்த்து மூன்று நாள் வருகிறது. பேராக்கில் ராயல் பெலும் காட்டுப் பக்கம் ஏரிக்கரையில் ஒரு பலகைக் குடில் பார்த்து வைத்திருக்கிறோம், இரண்டு இரவு. நடுராத்திரிக்கு மேல் கரண்ட் இல்லை, போன் லைன் இல்லை, படகில்தான் போக வேண்டும். அம்மாவுக்கு 71 வயது, முட்டி வலி. 13 கோடி ஆண்டு பழைய ஏரி, வாழ்நாளில் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்கிறார் ஏஜெண்டு. போனவர்கள் உண்மையைச் சொல்லுங்கள்.

ஜூலை 14 – இரவு 10.40

கூட்டிப் போகாதே தம்பி. நீ போ, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போ, அம்மா வீட்டில் இருக்கட்டும். 71 வயது முட்டிக்கு அந்தப் படகுத்துறையே பகை. துறை என்றால் பிளாஸ்டிக் பீப்பாய்மேல் பலகை அடித்த மிதவை. தண்ணீர் இறங்கியிருந்தால் மிதவைக்கும் குடிலுக்கும் நடுவே செம்மண் சரிவு. அதில் மண்வெட்டியால் கொத்திய படி. மழை பெய்தால் அந்தப் படியும் இல்லை.

அப்புறம் அந்த 13 கோடி ஆண்டு. அதைக் காட்டுக்குச் சொல்வார்கள். ஏரி என்னைவிடச் சின்னது. நான் 1969இல் பிறந்தவன். பேராக் ஆற்றை மறித்து தெமெங்கோர் அணையைக் கட்டியது 70களில். பள்ளத்தாக்கில் தண்ணீர் ஏறி நின்றதுதான் இந்த ஏரி. கென்யிர் ஏரிக்கு அடுத்து மலேசியத் தீபகற்பத்திலேயே பெரிய ஏரி இதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீ காலை நனைக்கப்போவது 348 மெகாவாட் மின்நிலையத்தின் தண்ணீர்த் தொட்டியில்.

ஜூலை 15 – காலை

நேற்றுத் தூக்கக் கலக்கத்தில் காரணத்தைச் சொல்லாமல் விட்டேன்.

2016 மார்ச்சில் வேலையிடத்து ஆட்கள் ஆறு பேர் போனோம். எல்லாரும் ஆம்பளைங்க, எல்லாரும் வாய்வீரர்கள். ஜெனரேட்டர் 12 மணி வரை ஓடும் என்று வாக்கு. எட்டரைக்கே இருமி நின்றது. டீசல் கொண்டுவர மறந்துவிட்டார்களாம். கைப்பேசி வெளிச்சத்தில் சோறு சாப்பிட்டோம். எது மீன் முள், எது தேங்காய்ப்பாலில் போட்ட செரை (எலுமிச்சைப்புல்) என்று தெரியாமல் மென்றோம். குளியலறைக்கு மலையோடையிலிருந்து குழாய் இழுத்திருந்தார்கள். முதல் ராத்திரி பெய்த மழையில் குழாய் எங்கேயோ பிடுங்கிக்கொண்டது. மறுநாள் முழுக்க ஏரியில் வாளி விட்டு மொண்டு தூக்கினோம்.

இருவாச்சிகள் கூட்டம் கூட்டமாகப் பறக்கும் என்று எங்கள் ஏஜெண்டு படம் காட்டியிருந்தார். ஒன்றுகூடப் பறக்கவில்லை. புலி இல்லை, யானை இல்லை, தாபிர் இல்லை. இரண்டு ராத்திரியில் நாங்கள் பார்த்த ஒரே மிருகம் எலி. நண்பர் ஒருவரின் கார்டேனியா ரொட்டியை உறையோடு தின்றுவிட்டுப் போனது.

அட்டையைச் சொல்லவே வேண்டாம். கடிப்பது தெரியாது, கழற்றின பிறகுதான் ரத்தம் நிற்காது. ரத்தம் உறையாமல் இருக்க அதன் எச்சிலிலேயே மருந்து வைத்திருக்கிறது சனியன்.

ஜூலை 15 – மதியம்

வழி கேட்டிருந்தாய். பட்டர்வொர்த், கூலிம், பாலிங், கிரிக். கிரிக்கில் காருக்கு எண்ணெய் ஊற்றிக்கொள், அதற்கு அப்புறம் மலையும் வளைவும்தான். அங்கிருந்து கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் போனால் பண்டிங் தீவு. தீவு என்றால் பழைய குன்றின் தலை. உடம்பு தண்ணீருக்குள் போய்விட்டது. தீவின் இந்தப் பக்கம் ஒரு பாலம், அந்தப் பக்கம் ஒரு பாலம். சாலைக்கு வடக்கே சியாம் எல்லை வரைக்கும் பெலும், தெற்கே தெமெங்கோர் காடு. பாலிங்கில் பசியாறிவிட்டுக் கிளம்பினால் வயிறு திட்டாது.

பெலும் என்ற பெயரை வைத்து என் பெரிய மகள் ஒரு ஜோக் வைத்திருக்கிறாள். "அப்பா, பெலும் போயாச்சா?" "பெலும்." மலாயில் பெலும் என்றால் 'இன்னும் இல்லை'. வீட்டில் பத்து வருஷமாக இதையே சொல்லிச் சிரிக்கிறோம்.

ஜூலை 19

அப்படியானால் பினாங்கிலேயே ஏதாவது சொல்லுங்கள் என்கிறாய். தெலுக் பஹாங்கில் இருக்கிறதே தேசியப் பூங்கா, 2003இல் அறிவித்தது. அதில் கெராச்சுட் கடற்கரைக்குப் பின்னால் ஒரு ஏரி உண்டு. மேலே நல்ல தண்ணீர், அடியில் உப்புத் தண்ணீர், இரண்டும் கலக்காது. அதிசயம்தான். ஆனால் சில மாதங்களில் வற்றிக் கிடக்கும். நடந்து போய்ச் சேறு பார்த்துவிட்டுத் திரும்பியவர்களில் நானும் ஒருவன். படுக்கக் குடில் இல்லை, கூடாரம்தான். அம்மாவோடு போக கொடிமலையே (பினாங்கு ஹில்) போதும். ரயில் ஏற்றிக்கொண்டு போய் மேலே விட்டுவிடும்.

ஆகஸ்ட் 2

ஒரு தகராறு.

நான் எழுதியதையெல்லாம் என் மகள் அவளுடைய பாட்டிக்கு, அதாவது என் அம்மாவுக்கு, சத்தமாக வாசித்துக் காட்டியிருக்கிறாள். அம்மாவுக்கு 78. ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் பிடித்துக்கொண்டார்.

"ஊரான் வீட்டு அம்மா முட்டியப் பத்திப் பேச நீ யார்றா? அந்த அம்மா வரமாட்டேன்னு சொன்னிச்சா?"

இல்லை.

"கேட்டியா?"

கேட்கவில்லை. நீ கேட்டாயா தம்பி? உன் கேள்வியைத் திரும்பப் படித்தேன். முட்டியைப் பற்றி இருக்கிறது, அம்மா என்ன சொன்னார் என்று ஒரு வரி இல்லை. சரி, எனக்கும் அது உறைக்கவில்லை.

சுருக்கம்: மெர்டேக்காவுக்கு நாங்கள் போகிறோம். வேறு ஏஜெண்டு. ஆளுக்கு 480 வெள்ளி (ரிங்கிட்), சாப்பாடு படகு எல்லாம் சேர்த்து.

ஆகஸ்ட் 2 – பிறகு

யானையைப் பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், அந்த நெடுஞ்சாலையைக் கடக்கும். சாலை 1982இல் திறந்தது, யானைப் பாதை அதற்கும் எத்தனையோ தலைமுறைக்கு முந்தியது. யானை அடியில் புகுந்து போக ஒரு இடத்தில் சாலையையே தூண்மேல் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். எல்லா யானையும் அங்கே போய்த்தான் கடக்கும் என்று எழுதியா கொடுத்திருக்கிறது? போன மே மாதம் அன்னையர் தினத்தன்று விடிவதற்கு முன் லோரியில் அடிபட்டு ஒரு குட்டி செத்ததும், தாய் யானை அந்த லோரியைத் தலையால் முட்டிக்கொண்டு நகராமல் நின்றதும் இந்தச் சாலையில்தான். வீடியோ பார்த்திருப்பீர்கள். இருட்டியபின் அங்கே ஓட்டாதீர்கள். ஓட்டினால் மெதுவாக.

ஆகஸ்ட் 21

பெர்மிட் விஷயம். ராயல் பெலும் 2007 முதல் பேராக் மாநிலப் பூங்கா, 1,17,500 ஹெக்டர். நினைத்த நேரத்தில் நுழைய முடியாது. எல்லார் ஐசி (அடையாள அட்டை) நம்பரையும் முன்கூட்டியே ஏஜெண்டிடம் கொடுத்துவிட வேண்டும். கடைசி நேரத்தில் ஒரு மச்சானைச் சேர்த்துக்கொள்ளும் நம் வழக்கம் அங்கே செல்லாது. ஏரியின் தென்பகுதி குடில்களுக்கு இந்தக் கெடுபிடி குறைவு. நீ பார்த்து வைத்திருக்கும் குடில் எந்தப் பக்கம் என்று முதலில் கேள். "பெலும்" என்று விளம்பரம் செய்கிற பல இடங்கள் பூங்காவுக்கு வெளியேதான் இருக்கின்றன.

நான் வாங்கியவை: அட்டை கடிக்காமல் காலில் போடும் உறை மூன்று ஜோடி (ஜோடி 25 வெள்ளி), தலையில் மாட்டும் டார்ச் இரண்டு, கை டார்ச் ஒன்று, கொசு மருந்து, முட்டிப் பட்டை, மடக்கு நாற்காலி. அம்மா எடுத்து வைத்தது: மூன்று சீலை, ஒரு கட்டி சவுக்காரம், ஒரு பாட்டில் ஊறுகாய்.

செப்டம்பர் 2

வந்துவிட்டோம். நேற்று ராத்திரியே எழுத உட்கார்ந்தேன், முதுகு விடவில்லை. கவனி, என் முதுகு. அம்மாவுக்கு ஒன்றுமில்லை.

படகுத்துறையில் நான் பயந்தபடியே சரிவு இருந்தது. படகோட்டியும் நானும் ஆளுக்கு ஒரு கையைப் பிடிக்கப் போனோம். அம்மா இரண்டு பேரையும் விலக்கினார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார், பக்கவாட்டில் திரும்பினார், குதிகாலை மண்ணில் ஒவ்வொரு அடியாக ஊன்றி நண்டு மாதிரி இறங்கிவிட்டார். பால்மரத் (ரப்பர்) தோட்டம் மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். சுங்கைப் பட்டாணி பக்கம் ஒரு தோட்டத்தில் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் இரண்டு வாளிப் பாலை மாட்டி 22 வருஷம் அந்தச் சரிவில் இறங்கினவர். அதே சரிவில் ஷூ போட்ட நான் உட்கார்ந்தபடி வழுக்கினேன். முதுகுக் கதை அங்கே ஆரம்பம்.

குடில் பலகை வீடு, தகரக் கூரை, முன்னால் ஐந்தடித் திண்ணை. அம்மா உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து கேட்ட முதல் கேள்வி, "இதுக்கா நானூத்தி எம்பது?" நான் வாயைத் திறக்கவில்லை. தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீட்டை லயம் என்போம். "நம்ம லயத்து வீடு மாதிரியே இருக்கு. அதுக்குத் தொர மாசம் மாசம் நமக்குல்ல சம்பளம் குடுத்தாரு?"

ஜெனரேட்டர் இந்தத் தடவை சொன்னபடி 12 வரை ஓடியது. அது நின்றதும் எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்தச் சத்தம் போனபிறகு வருகிற சத்தம் இருக்கிறதே, தவளை, பூச்சி, எங்கோ கிளை முறிவது. நான் டார்ச்சை அடித்து மூலை மூலையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

"அத அணைடா. கண்ணு பழகிக்கும்."

அணைத்தேன். தோட்டத்தில் ராத்திரி பத்து மணிக்கு மிஷினை நிறுத்திவிடுவார்களாம். மிஷின் நின்றபிறகுதான் பெண்கள் எல்லாரும் வாசலில் வந்து உட்கார்ந்து பேசுவார்களாம். விடிகாலை பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு) போக வேண்டுமே என்று யாரும் எழுந்து போகமாட்டார்களாம். அவ்வளவுதான் சொன்னார். பழைய கதை பெரிதாக வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அரை நிலா மலைக்குப் பின்னால் இறங்கியிருந்தது. கொஞ்ச நேரத்தில் கண் பழகியது. தண்ணீர் எது, மலை எது, வானம் எது என்று தனித்தனியாகப் பிரிந்து தெரிந்தது. பட்டர்வொர்த்தில் இத்தனை வருஷம் இருந்தும் நான் அவ்வளவு நட்சத்திரம் பார்த்ததில்லை. அம்மா பார்க்கவே இல்லை, உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்.

அட்டை விஷயம்: மறுநாள் காட்டுக்குள் நடந்தோம். நாங்கள் மூவரும் 25 வெள்ளி உறை. அம்மா சவுக்காரத்தைத் தண்ணீர் படாமல் கணுக்காலிலிருந்து முட்டி வரை தேய்த்துக்கொண்டார். கணக்கு: எனக்கு மூன்று (ஒன்று கழுத்தில், இலையிலிருந்து விழுந்தது), மகளுக்கு ஒன்று, மனைவிக்கு இரண்டு, அம்மாவுக்கு பூஜ்யம்.

செப்டம்பர் 2 – மாலை

மேலே எழுதியதைப் படித்தால் அம்மா எல்லாவற்றையும் ரசித்த மாதிரி இருக்கிறது. அப்படி இல்லை. கழிவறைக்கு வெளியே போக வேண்டியிருந்ததற்கு இரண்டு நாளும் முணுமுணுத்தார். "இதுக்குத்தான் தோட்டத்த விட்டு வந்தோம்." மீன் குழம்பில் புளி இல்லை என்றார். ஊறுகாய் ஏன் வந்தது என்று அப்போது விளங்கியது.

முட்டியும் கொஞ்சம் வீங்கியது. சும்மா ஒன்றுமில்லை என்று எழுதினேன். படகில் நெடுநேரம் காலை மடக்கி உட்கார்ந்ததால் வந்த வீக்கம். சரிவில் நடந்ததால் இல்லை. தம்பி, உன் அம்மாவுக்குப் படகில் காலை நீட்டி உட்கார இடம் கேட்டு வாங்கு.

செப்டம்பர் 3

பொட்டமரங்கள். இதை 2016இல் நான் கவனிக்கவே இல்லை.

ஏரியின் கைகளில் தண்ணீருக்கு நடுவே நட்டுவைத்த கம்பம் மாதிரி பட்ட மரங்கள் நிற்கின்றன. வெள்ளை வெளேர் என்று, பட்டை உரிந்து. அணை மூடினபோது முழுகின காடு, ஐம்பது வருஷம் ஆகப்போகிறது, இன்னும் நிற்கிறது. தண்ணீருக்கு மேலே தெரிவதுகூடப் பரவாயில்லை, அரையடி கீழே இருப்பதுதான் படகைக் கிழிக்கும். படகோட்டி அதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தார். வெட்டவெளியாகத் தெரிகிற இடத்தில் திடீரென்று வளைத்தார். ஏன் என்று கேட்டால், "ஆடா காயு." கட்டை இருக்கு.

அம்மா அந்த மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு, "இங்க முன்ன யாரு இருந்தாங்க?"

நான் எங்கள் ஆட்கள் செய்வது மாதிரி, காடுதானே, யாரும் இல்லை என்றேன். படகோட்டி, அவர் கிரிக் ஊர்க்காரர், திருத்தினார். ஓராங் அஸ்லி, அதாவது பூர்வகுடி மக்கள் இருந்தார்கள். வடக்கே ஜஹாய், தெற்கே தெமியார். ஒருபக்கம் அணைத் தண்ணீர், ஒருபக்கம் கம்யூனிஸ்ட் சண்டை. பல குடும்பங்களை சாலையோரம் பானுன் பக்கம் கொண்டுபோய் வைத்தார்கள். 1989இல் தாய்லாந்து ஹாட்யாயில் சமாதானம் கையெழுத்தாகும் வரை இது வெளியாள் நடமாட முடியாத எல்லைக் காடு. அம்மா கேட்டுக்கொண்டார். எங்கள் தோட்டத்தை விற்று அதில் இப்போது தாமான் (வீடமைப்புப் பகுதி) வந்துவிட்டது. லயம் இருந்த இடத்தில் வீடு என்னவோ ஆறு லட்சமாம். அதை யாரும் இழுக்கவில்லை. படகு போய்க்கொண்டிருந்தது.

செப்டம்பர் 3 – இரவு

ஜஹாய் கிராமத்துக்குக் கூட்டிப் போனதைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். பேக்கேஜில் இருக்கிறது, எல்லாரையும் இறக்கிவிடுகிறார்கள். அங்கே இருக்கிறவர்கள் வீட்டு வாசலை நாம் போய் நின்று பார்க்கிறோம். எனக்குக் கூச்சமாக இருந்தது. எங்களோடு வந்த வேறு கூட்டம் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துப் படம் பிடித்தது. நான் படகுக்கே திரும்பலாம் என்று பார்த்தால் அம்மாவைக் காணோம்.

ஒரு பாட்டி மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து (முட்டி!) ஒரு கிழங்கை எடுத்துத் தோலில் நெடுக ஒரு கீறல் போட்டு, விரலை விட்டுச் சுற்றி உரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டியும் அதே மாதிரிதான் உரித்தார். இருவரும் பாசார் (சந்தைப் பேச்சு) மலாயில் ஏதோ நாலு வார்த்தை பேசினார்கள். பேரப்பிள்ளை எத்தனை என்பது மட்டும் எனக்குக் காதில் விழுந்தது. அம்மாவைப் படம் எடுக்கலாம் என்று கைப்பேசியை எடுத்தேன். மகள் கையைத் தட்டிவிட்டாள். சரிதான்.

செப்டம்பர் 6

பொட்டமரம் என்று எழுதியது எங்கள் வீட்டுப் பேச்சு. பட்டமரம் என்று படித்துக்கொள்ளுங்கள். திருத்திய ஆசிரியைக்கு வணக்கம்.

செப்டம்பர் 11

மிருகமே இல்லை, எலிதான் என்று ஜூலையில் எழுதியதைப் பாதி திரும்ப வாங்குகிறேன்.

மலேசியாவில் இருக்கிற பத்து வகை இருவாச்சியும் அந்தக் காட்டில் பதிவாகியிருக்கின்றன. அதில் ஒரு வகை கூட்டமாக ஏரிக்கு மேல் பறப்பது ஆகஸ்ட், செப்டம்பர் ஒட்டித்தான். மார்ச்சில் போய் வானத்தைப் பார்த்து ஏஜெண்டைத் திட்டினேன். படத்தைக் காட்டி மார்ச்சில் விற்றது அவர் தப்பு, மாதம் விசாரிக்காதது என் தப்பு. இந்தத் தடவை விடிகாலை ஏழு மணிக்கு முன்னால் பனிக்குள்ளிருந்து வந்தன. முதலில் வந்தது சத்தம். சிறகு காற்றை அறுக்கிற சத்தம், பழைய ரயில் மூச்சு விடுகிற மாதிரி. அப்புறம்தான் பறவை. மகள் 60 வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டாள்.

படகோட்டி எஞ்சினை அணைத்து வேறொன்றும் காட்டினார். தண்ணீர் மேல் ஒரு தட்டளவுக்குச் சிவப்பாகக் கொதித்தது. தோமான் என்கிற விரால் வகை மீனின் குஞ்சுகள். நூற்றுக்கணக்கில் ஒன்றாக மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு ஒன்றாக இறங்குகின்றன. கீழே தாயும் தகப்பனும் காவல். தூண்டில்காரன் அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் தூண்டிலை வீசுவானாம், பெற்றோர் ஆத்திரத்தில் கவ்விவிடுமாம். அம்மா "பாவிப் பசங்க" என்றார்.

பாக்மா மலரும் (ரஃப்ளீசியா) பார்த்தோம், செத்தது. மொட்டு ஏறக்குறைய ஒன்பது மாதம் இருக்குமாம், விரிந்தபின் ஒரு வாரம் தாங்காது. நாங்கள் போனபோது கறுத்து, வதங்கின முட்டைக்கோஸ் மாதிரி கிடந்தது. நாற்றம்கூடப் போய்விட்டது.

புலி இல்லை. நாடு முழுக்கவே 150க்கும் குறைவு என்று 2022இல் கணக்குச் சொன்னார்கள். இரண்டு ராத்திரிக்கு வந்த நமக்கு அது வந்து நிற்க என்ன தலையெழுத்து?

செப்டம்பர் 28

தம்பி, நீ மெர்டேக்காவுக்குப் போகவில்லை, தீபாவளி முடிந்து நவம்பரில் போகலாமா என்று கேட்டிருக்கிறாய். என்னால்தான் தள்ளிப்போனது என்று நினைக்கிறேன். நவம்பர் வேண்டாம், மழை. சரிவு சேறாகிவிடும், அதில் நான் முதலில் சொன்ன 'கூட்டிப் போகாதே' செல்லும். பிப்ரவரிக்கு மேல் பார். இருவாச்சிக் கூட்டம் வேண்டுமானால் அடுத்த ஆகஸ்ட் வரை காத்திரு. அதற்குள் அம்மாவை ஒரு வார்த்தை கேட்டுவிடு.

சவுக்காரம் எது என்று கேட்டவருக்கு: துணி துவைக்கிற மஞ்சள் கட்டி. வாசனைச் சோப்பு வேலை செய்யுமா என்று அம்மாவைக் கேட்டேன். "அட்ட மோந்து பாத்தா கடிக்கும்?" என்றார்.

டார்ச் எத்தனை என்ற கேள்விக்கு: ஒன்று போதும். அதையும் அம்மா கையில் கொடு.